எனக்குப் புரிந்தால் புள்ளி

நான் வேலை பார்த்த கல்லூரி புதுக்கோட்டையிலிருந்து விராலிமலை போகிற பாதையில் இருக்கிறது. என்ஜினியரிங் காலேஜ். அங்கே ஒரு அறைக்கு நான் இன்சார்ஜாக இருந்தேன். வேலைக்குச் சேர்த்த கடிதத்தில் உதவியாளர் என்று போட்டிருந்தார்கள். வல்லத்திராக்கோட்டையில் என் தெருவில் கேட்டவர்களுக்கு நான் சொன்னது இன்சார்ஜ். காலையில் பூட்டைத் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் நான். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அப்புறம் வேறென்ன சொல்வது?

அந்த அறைக்கு இங்கிலீஷ் லேப் என்று பெயர். மற்ற லேப்புகளில் மோட்டார் இருக்கும், கம்பி இருக்கும், பற்றவைக்கிற நெருப்பு இருக்கும். இங்கே முப்பது கம்ப்யூட்டர், காதில் மாட்டிக்கொள்ள முப்பது ஹெட்போன், அவ்வளவுதான். கடைசி வருஷத்துப் பிள்ளைகள் அறுபது பேர், முப்பது முப்பது பேராக இங்கே வந்து, வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று படிப்பார்கள். எப்படிக் கை கொடுப்பது, நாற்காலியில் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காருவது, தெரியாத கேள்வி கேட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் பாடம். சொல்லிக்கொடுக்க திருச்சியிலிருந்து ஒரு சார் வந்தார். ட்ரெயினர் சார் என்பார்கள். என் தம்பி மகன் வயது இருக்கும். நல்லவர்தான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் பெயரை இனிஷியலோடு எழுதுவேன். நம்பர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் படிப்பேன். சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவள். வீட்டில் உட்கார்ந்து ஒருவர் போட்டதைச் சாப்பிடுகிற பழக்கம் எனக்கு வரவில்லை. அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன். வந்த முதல் மாதம் கூட்டினேன், துடைத்தேன், கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

லேப்புக்குள் தமிழ் பேசக்கூடாது என்பது ட்ரெயினர் சாரின் சட்டம். சட்டம் போட்டாரே தவிர, அவரால் அதைக் காக்க முடியவில்லை. அவர் இந்த வரிசையில் நின்றால் அந்த வரிசையில் தமிழ் ஓடும். வகுப்பு லீடரைக் கவனிக்கச் சொன்னார். லீடர் தன் கூட்டாளிகளை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் பிடித்துக்கொடுத்தான். அது ஒரு சண்டையாகி, லீடர் சட்டைப் பொத்தான் அறுந்ததுதான் மிச்சம்.

அந்த வாரம் ஒருநாள் சார் என்னிடம், "இவ்வளவு நேரம் உக்காந்திருக்கீங்களே, போரடிக்கலையாம்மா?" என்றார்.

"என்னத்தப் பேசுறாகளோ, ஒண்ணுமே வெளங்க மாட்டேங்குது சார். நடுவுல எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு புரியுது. அத வச்சுத்தான் பொழுது போகுது."

சார் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கையைத் தட்டினார். "அம்மா, அந்த ஒண்ணு ரெண்டுதான் எனக்கு வேணும்!"

மறுநாள் என் கையில் ஒரு நோட்டும் சிவப்புப் பேனாவும் வந்தன. நோட்டில் எல்லாப் பிள்ளைகளின் நம்பரும் வரிசையாக இருந்தன. யார் பேசுவது எனக்குப் புரிகிறதோ, அவர் நம்பருக்கு எதிரே ஒரு புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் அடுத்து வருகிற கம்பெனி இன்டர்வியூவில் உட்கார முடியாது. எனக்கு இங்கிலீஷ் தெரியாததால் என்னை ஏமாற்ற முடியாது. யாரும் எனக்குச் சொந்தமில்லாததால் பாரபட்சமும் கிடையாது. சார் இதை மேலிடத்தில் சொல்ல, அவர்களும் நல்ல ஏற்பாடு என்று சொன்னார்களாம்.

நானும் ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். பஸ், டீ, ஃபேன் என்று ஒற்றைச் சொல் புரிந்தால் விட்டுவிடுவேன். சேதி புரிந்தால்தான் புள்ளி.

முதல் நாளே ஒருவன் வாதாட வந்தான். "மச்சான்னு சொல்றதெல்லாம் தமிழ்க் கணக்குல வராதுங்க அப்பத்தா. அது எல்லா பாஷைக்கும் பொது."

"எனக்குப் புரிஞ்சுச்சா?"

"புரிஞ்சிருக்கும்."

"என்ன புரிஞ்சுச்சுன்னு சொல்லட்டா? 'மச்சான், கெழவி பாக்குது, மூடிட்டு உக்காரு'ன்னு சொன்ன. சேதி முழுசா வந்திருச்சு. புள்ளி."

வகுப்பே சிரித்தது. அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படித்த பிள்ளைகள் முப்பது பேர் என் பேனாவைப் பார்த்துப் பயந்தார்கள் என்றால் சும்மாவா?

அந்தப் பெருமை எத்தனை நாள் இருந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்த அறையில் ஜன்னல் திறக்காது. ஏசி குளிர் போய்விடும் என்று கண்ணாடியை அடைத்து வைத்திருந்தார்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். வெளியே புதரோரம் மயில் கழுத்தை நீட்டிக் கத்துவது தெரியும், சத்தம் வராது. இதெல்லாம்கூடப் பெரிதில்லை. சட்டம் எனக்கும் சேர்த்துத்தான் என்று சார் சொல்லிவிட்டார். "நீங்களே தமிழ் பேசினா பசங்க எப்படிம்மா கேப்பாங்க?" எனக்கு வேறு பாஷை கிடையாது. ஆக, காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணி வரைக்கும் எனக்கு வாய் கிடையாது. ஒருநாள் ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகி ஒரு பிள்ளையின் பையில் விழுந்துகொண்டிருந்தது. சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, ஓடிப்போய்ப் பையை இழுத்தேன். அந்தப் பிள்ளை நான் எதையோ பறிக்க வந்ததாக நினைத்து அலறியது. "அப்பத்தாவுக்கும் ஒரு புள்ளி போடுங்க சார், மனசுக்குள்ள தமிழ்ல திட்டுறாங்க" என்று பின்வரிசையில் ஒருவன் இங்கிலீஷில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் சிரித்த அந்தச் சிரிப்பை அப்போதே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

காலேஜ் பஸ்ஸில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே வரும். நான் ஏறியதும் பேச்சு நிற்கும். பஸ்ஸில் சட்டமில்லை, அங்கே அவர்கள் எந்தப் பாஷையும் பேசலாம். ஆனாலும் என்னைப் பார்த்ததும் வாய் அடைத்துக்கொள்ளும். புள்ளி அப்பத்தா என்று எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஜன்னலோரம் காற்று வரட்டும், தனியாக உட்காருவதே எனக்குப் பிடிக்கும் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வருவேன். வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்காத நாளில்லை. ஆனால் இன்சார்ஜ் என்று சொல்லிவிட்டு, அதையும் விட்டுவிட்டு வந்தால், "என்ன, அந்த வேலையும் போச்சா?" என்று கேட்க எங்கள் தெருவில் நாலு வாய் காத்திருந்தது. அவர்களுக்குப் பதில் சொல்வதைவிட அந்த அறையில் அடைந்து கிடப்பதே மேல் என்று இருந்துவிட்டேன். இரண்டாவது வருஷமும் முடியப்போனது.

அப்போதுதான் நாற்பத்தாறாம் நம்பர் பிள்ளைக்கு மூன்றாவது புள்ளி வைத்தேன்.

ஆதனக்கோட்டைப் பக்கத்துப் பெண். ஒல்லியாக இருப்பாள். சத்தம் போட மாட்டாள். முதல் புள்ளி, நாற்காலியில் இடித்துக்கொண்டு "ஐயோ, என் முட்டி போச்சே" என்றதற்கு. இரண்டாவது, பக்கத்தில் இருந்தவளிடம் "தள்ளி உக்காருடி, எனக்கு எடமே இல்ல" என்றதற்கு. இரண்டும் நியாயமான புள்ளி. மூன்றாவது விழுந்தது ஒரு திங்கட்கிழமை. எல்லோரும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வரிசைக்கு நடுவே நடந்து போகும்போது இவள் தன் கூட்டாளியிடம் வீட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறது. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டுக் கையெல்லாம் வெந்து கறுத்துப்போய்விட்டது. சொந்தக்காரர் கல்யாணத்தில் கையை யாருக்கும் காட்டாமல் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றது. சந்தனம் கொடுத்தபோதும் நீட்டவில்லை.

முந்திரி உடைக்கிற கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் சட்டம் சட்டம்தான். இங்கிலீஷில் பிள்ளைகள் இப்படியெல்லாம் பேசிக் கேட்டதில்லை. நான் கடுமையான உழைப்பாளி, நேரம் தவறாதவள், என் அப்பாதான் எனக்கு முன்மாதிரி, இவ்வளவுதான் அந்தப் பாஷையில் வரும். முப்பது பேரும் ஒன்றையே சொல்வார்கள். வீட்டில் நடந்ததை, வலிக்கிறதைச் சொன்னால் அது தமிழாகத்தான் இருக்கும். புள்ளி வைத்துவிட்டு நடந்தேன்.

அந்த வியாழக்கிழமை ஒரு பெரிய கம்பெனி வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பத்தாறு அதில் இல்லை. மத்தியானம் கை கழுவுகிற குழாயடியில் அவளும் கூட்டாளியும் என்னை நிறுத்தினார்கள்.

"அப்பத்தா, எனக்கு மூணாவது புள்ளி எதுக்கு வச்சீங்க?"

"பேசுனதுக்கு."

"நான் தமிழ்ல பேசவே இல்லையே."

"பேசலையா? ஒங்க ஆத்தா முந்திரி ஒடைக்கப் போறது, கை கறுத்துப்போனது, கல்யாண வீட்டுல தலைப்புக்குள்ள கைய ஒளிச்சுக்கிட்டு நின்னது, இதெல்லாம் எனக்கு யாரு சொன்னா? காத்து வந்து சொல்லுச்சா?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அதச் சொன்னேன். இங்கிலீஷ்லதான சொன்னேன்."

"இங்கிலீஷ்ல சொன்னா எனக்கு எப்படிடி புரியும்?"

கூட்டாளிதான் முன்னே வந்தாள். "சத்தியமா இங்கிலீஷ்தாங்க அப்பத்தா. ஒங்க வாழ்க்கையில கஷ்டமான ஒண்ண மனப்பாடம் இல்லாம சொல்லுங்கன்னு சார் அன்னைக்கிச் சொன்னாருல்ல? அதுக்குச் சொன்னா."

"நீ அவ கூட்டாளி. நீ வேற எப்படிச் சொல்லுவ? இத்தன நாள்ல நான் வச்ச புள்ளி ஒண்ணு தப்புன்னு யாராச்சும் சொல்லிருக்காகளா? போங்க, போயி சாப்புடுங்க."

நான் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து அந்தப் பெண் சொன்னாள்: "எங்கம்மா கையப் பத்தி நான் தமிழ்ல யாருகிட்டயும் சொன்னதே இல்ல அப்பத்தா. இவகிட்டகூட. சொல்ல வராது. இங்கிலீஷ்ல சொல்றப்ப யாரோ ஒருத்தவங்க அம்மா மாதிரி இருந்துச்சு. அதனாலதான் வந்துச்சு."

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து, அவள் பேசியதை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். என் நியாயத்தை எனக்கு நானே உறுதி செய்துகொள்ளத்தான். அவள் அம்மா என்று சொன்னாளா, ஆத்தா என்று சொன்னாளா? குழாயடியில் நான் ஆத்தா என்றேன். அவள் அம்மா என்கிறாள். அப்படியென்றால் அந்த ஆத்தா என்னுடைய சொல். சரி, கறுத்துப்போச்சு என்றாளா, கருகிப்போச்சு என்றாளா? தலைப்பு என்றாளா, முந்தானை என்றாளா? கறுத்த கை என் கண்ணுக்குள் இருந்தது. சந்தனக் கிண்ணம் இருந்தது. அதைச் சொன்ன சொல் ஒன்றுகூட என்னிடம் இல்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு தாண்டியும் தேடினேன். பஸ் எங்கள் ஊருக்குத் திரும்பும் வரைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துபோய் ஏசியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் ஏன் எழுந்தேன் என்று யோசித்தேன். சார் பாடத்துக்கு நடுவே, ரொம்பக் குளிர்கிறது என்று சொன்னார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. எந்தப் பாஷையில் சொன்னார்? அவர் உள்ளே தமிழ் பேசி நான் கேட்டதேயில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிசையாக நடந்தேன். ஒருத்தி தன் அண்ணன் சிங்கப்பூரில் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவன் கிணற்றில் நீச்சல் கற்றதைச் சொன்னான். இன்னொருவன் பொய் சொன்னான். பொய் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. எல்லாமே இங்கிலீஷ். எல்லாமே எனக்கு வந்தது. எல்லாச் சொல்லும் இல்லை, பாதிதான் இருக்கும். பாதி போதுமானதாக இருந்தது. என் சட்டப்படி பார்த்தால் அன்றைக்கு முப்பது பேருக்கும் புள்ளி வைத்திருக்க வேண்டும்.

அப்போதே சாரிடம் போயிருக்கலாம். போகவில்லை. என் சொல் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. ஒரு சின்னப் பெண் சொல்லி, நான் தப்பு என்று ஒப்புக்கொள்வதா? அதைவிட இன்னொன்று பயமாக இருந்தது. எனக்குப் புரியாது என்பதற்காகத்தான் அந்த நாற்காலி. புரிந்துவிட்டது என்று சொன்னால் அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை? நாள் முழுக்க நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு புள்ளியும் வைக்கவில்லை. மாலையில் சார் நோட்டைப் பார்த்துவிட்டு, "பசங்க திருந்திட்டாங்கம்மா, ஒங்க புண்ணியம்" என்றார். நான் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை இன்டர்வியூ நடக்கிற ஹாலுக்கு முன்னே பிள்ளைகள் முழுக்கைச் சட்டையும் கோட்டுமாக வரிசையில் நின்றார்கள். நாற்பத்தாறாம் நம்பர் பெண்ணும் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரம் தனியாக நின்றாள். பட்டியலில் பெயர் இல்லாதவள் எதற்கு இப்படி உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும்?

"ஏம்மா இங்க நிக்கிற?" என்றேன்.

"வீட்டுல சொல்லல அப்பத்தா. அம்மா நேத்தே இந்த டிரெஸ்ஸ இஸ்திரி போட்டு வச்சிருச்சு. காலையில எனக்கு முன்னால எந்திரிச்சு உக்காந்திருக்கு. போட்டுக்கிட்டு வந்துட்டேன். எல்லாரும் உள்ள போனதும் லைப்ரரிக்குப் போயிடுவேன்."

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

நேராக லேப்புக்குப் போனேன். சார் கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். கதவு என் பின்னால் சாத்திக்கொண்டது.

"சார், நாப்பத்தாறுக்கு வச்ச மூணாவது புள்ளி தப்பு."

சார் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தார். "அம்மா, உள்ள தமிழ்..."

"எனக்குப் பேச இதுதான் சார் வரும். புரியத்தான் அதுவும் புரியுது. அந்தப் பிள்ளை இங்கிலீஷ்லதான் பேசிருக்கு. எனக்குப் புரிஞ்சதால தமிழ்னு நெனச்சுட்டேன்."

அவர் சிரித்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"பழைய சோறும் சின்ன வெங்காயமும். நீங்க ஒண்ணும் சாப்புடலன்னு ஒங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது."

சிரிப்பு நின்றது. இந்தத் தடவை வேகமாக, நீளமாகக் கேட்டார். உங்களை யார் இப்படிச் சொல்லச் சொன்னது, அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து யாராவது வந்து உங்களைப் பார்த்தார்களா என்று.

"யாரும் வரல சார். அவுக வீட்டாளுக யாருன்னே எனக்குத் தெரியாது. நான் பொய் சொல்ற ஆளான்னு நீங்களே சொல்லுங்க."

சார் எழுந்துவிட்டார். என்னை அழைத்துக்கொண்டு, கம்பெனிகளை வரவழைக்கிற வேலையைப் பார்க்கும் மேடத்தின் ரூமுக்குப் போனார். பிளேஸ்மென்ட் மேடம் என்பார்கள். மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு ஹால் கதவைச் சாத்திவிடுவார்கள். சார் நடந்ததைச் சொன்னார். அதன் பிறகு அவர்கள் இருவரும் நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அது எனக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இவருக்குப் புரிந்தது என்று எழுதினால், எப்போதிருந்து புரிகிறது என்று கேட்பார்கள் என்றார் மேடம். போன வருஷம் இதே புள்ளியால் நாலு பேரை நிறுத்தினோம். நாளைக்கே அந்த நாலு வீட்டாரும் வாசலில் வந்து நிற்பார்கள். சார், இப்போது என்ன செய்வது என்றார். வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்காததால் ஆளை மாற்றிப் புள்ளி வைத்துவிட்டார் என்று எழுதுவோம், இந்த ஒன்றோடு முடிந்துவிடும் என்றார் மேடம். அவருக்குக் காது நன்றாகக் கேட்குமே என்று சார் இழுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து வாங்கிக்கொள்வோம் என்றார் மேடம்.

காகிதம் மெஷினிலிருந்து வந்தது. மேடம் என் பக்கம் திரும்பி முகத்தை மலர்த்திக்கொண்டார். "ஒண்ணுமில்லைங்கம்மா. தவறுதலா வச்சுட்டீங்கன்னு எழுதிருக்கோம். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"காது கேக்காதுன்னு எழுதிருக்கீங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் காதுக்கு ஒரு கொறையும் இல்ல மேடம். எனக்கு இங்கிலீஷ் புரிஞ்சிருச்சு. நடந்தது அதுதான். அத எழுதுங்க, போடுறேன்."

மேடம் கோபப்படவில்லை. கடிகாரத்தைக் காட்டினார். "அத எழுதினா பிரின்சிபால், கமிட்டின்னு போகும். ஒரு வாரம் விசாரணை நடக்கும். அந்தப் பொண்ணு இன்னும் பத்து நிமிஷத்துல உள்ள போகணும். ஒங்களுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்கம்மா."

கண்ணாடி வழியே தூண் தெரிந்தது. அந்தப் பெண் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மற்றவர்கள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் தலை குனியாமல் இருந்தவள் நான். வீட்டுக்காரர் இறந்தபோதுகூட ஒருவர் வாசலில் போய் நின்றதில்லை. இந்த ஒரு காகிதத்தில் என்னைச் செவிடு என்று எழுதி, அதற்கு என் கையெழுத்தையே கேட்கிறார்கள். அதுவும் ஒரு நல்ல சேதிக்கு மேல் பொய்யைப் பூசி. இந்த வயதில் எனக்கு ஒரு பாஷை புரிந்திருக்கிறது. அதை வெளியே சொல்லக் கூடாதாம்.

பேனாவை வாங்கினேன். என் பெயரில் ஆறு எழுத்து. ஒவ்வொன்றையும் முழுதாக எழுதினேன். சார் மணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசி எழுத்தின் சுழியை நான் முடிக்கும் முன்னே காகிதத்தை உருவிக்கொண்டு ஓடினார்.

அவள் உள்ளே போனாள். மூன்று மணிக்கு வெளியே வந்தவள் என்னைத் தேடி வந்தாள்.

"என்ன கேட்டாக?" என்றேன்.

"பொழுதுபோக்கு என்னன்னு கேட்டாங்க அப்பத்தா. புக் படிப்பேன்னு சொன்னேன்."

"படிப்பியா?"

"எங்க படிக்க!"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அவளை எடுத்துக்கொண்டார்கள். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். இதைக் கேட்கத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள், அதனால் சொல்லிவிட்டேன். என் பாடு வேறு மாதிரிப் போனது.

காகிதத்தில் எழுதியது ஒரே நாளில் காலேஜ் முழுக்கப் பரவிவிட்டது. வாட்ச்மேன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அப்பத்தா! சாப்ட்டாச்சாஆஆ?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். பஸ் டிரைவர் கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். பிள்ளைகள் வாயைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னார்கள். புள்ளி அப்பத்தா போய், பாவம் அப்பத்தா ஆனேன். பக்கத்தில்கூட உட்கார ஆரம்பித்தார்கள். என் காது நன்றாகக் கேட்கும் என்று யாரிடமாவது சொன்னால், கையெழுத்துப் போட்டது பொய்யாகிவிடும். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததும் கேள்விக்குள் போகும். ஆகவே அவர்கள் கத்தக் கத்த நானும், "ஆங்? என்ன?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. மேடம் என்னைத் தன் ரூமுக்கே மாற்றிக்கொண்டார். வெளியே விட்டால் நான் எங்கே என்ன பேசுவேனோ என்று அவருக்கு இருந்திருக்கும். அங்கேயும் ஒரு நாற்காலி, அங்கேயும் ஏசி. மேடம் போனில் பேசும்போது என்னைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்துவார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரை எடுக்கப் போகிறார்கள், யாரைக் கழித்துவிடப் போகிறார்கள் என்று பிள்ளைகளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன? முன்பு வாய் மட்டும்தான் இல்லை. இப்போது காதும் இல்லை.

லேப்புக்கு விராலிமலையிலிருந்து ஒரு அம்மாவைப் புதிதாக எடுத்தார்கள். என்னைவிடப் பத்து வயது குறைவு. நோட்டைக் கொண்டுவந்து, "எப்படிக்கா கண்டுபுடிக்கிறது?" என்று என் காதருகே கத்தினாள்.

"ஒனக்குப் புரிஞ்சா புள்ளி வையி" என்றேன். "ஒரு வருசம் பாரு. அப்புறம் காது போச்சுன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துரு."

அவள் விழித்துக்கொண்டு போனாள்.

முதல் வருஷம் என் புள்ளியால் நின்றுபோன அந்த நாலு பேர் நம்பரும் எனக்கு மனப்பாடம். பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பத்தேழு, ஐம்பத்தொன்று. எப்போதிருந்து எனக்குப் புரிய ஆரம்பித்தது என்று எவ்வளவு யோசித்தாலும் ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியவில்லை. தூக்கம் எந்த நிமிஷம் வந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்த நாலு பேர் பேசியதில் எனக்குச் சேதிதான் நினைவிருக்கிறது. எந்தப் பாஷை என்று நினைவில்லை.

சென்ற தை மாதம் புதுக்கோட்டையில் கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். சேலை எடுத்துப் போட்ட பெண் அந்த ஐம்பத்தொன்றாம் நம்பர். என்னைக் கண்டதும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. காலேஜை விட்டு முன்னமே போனவள் என்பதால் என் காது சங்கதி அவளுக்குத் தெரியாது. சாதாரணக் குரலில், "வாங்க அப்பத்தா, நல்லாருக்கீங்களா?" என்றாள். என்னிடம் ஒருவர் அப்படிப் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தேன்.

"ஒன்னக் கேக்கணும்மா. கடைசியா ஒனக்கு ஒரு புள்ளி வச்சேனே, ஒங்க தம்பிக்குக் காச்ச வந்து ராத்திரி பஸ் கெடைக்காம நடந்தே போனோம்னு சொல்லிக்கிட்டிருந்த. அதத் தமிழ்ல சொன்னியா, இங்கிலீஷ்ல சொன்னியா?"

அவள் கையில் விரித்த சேலையை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடியும் விரித்து மடித்தாள்.

"தமிழ்லதான் அப்பத்தா சொன்னேன்."

"நெசமா?"

"தமிழ்னே வச்சுக்கங்களேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஒங்களுக்கு என்ன கலர்ல எடுக்கட்டும்?" என்று கேட்டாள்.